விண்டோஸ் 10ல இருந்து 11க்கு மாறக்குள்ள ஃபைல் போகாம இருக்க: ஸ்கிரீன்ல என்ன வருதோ அதுக்கேத்த வழி

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் குடுத்த சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதுல இருந்து இஞ்ச காத்தான்குடி, கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு எங்க போனாலும் ஆக்கள் கேக்குறது ஒண்டுதான், 11க்கு மாத்தணும் ஆனா உள்ளுக்கு இருக்குற ஒண்டும் அழியப்படாது. மாத்தலாம். போட்டோ, டொக்கியுமென்ட், போட்டு வெச்ச சொஃப்ட்வெயார், டெஸ்க்டொப்ல கிடக்குற பிள்ளைட படம் வரைக்கும் அப்பிடியே வரும். நான் பாத்த அளவுல அப்கிரேட்டால ஃபைல் போறது குறைவு, நடுவுல ஏதாவது ஒரு மெசேஜ் வந்தவுடன பதறிப்போய் "சரி ஃபோர்மெட் பண்ணி உடுங்க" எண்டு சொல்லுறதாலதான் கூடப் போகுது. அதால கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே தலைப்பாப் போட்டிருக்கன், உங்கட ஸ்கிரீன்ல கிடக்குற இடத்துக்கு நேர போங்க. இன்னும் தொடங்கல்ல எண்டா மட்டும் இந்த முதல் பகுதியை வாசிச்சிட்டுப் போங்க.

தொடங்க முதல்

வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்டுல கொப்பி எடுத்து வைங்க. எத்தினை தரம் சொன்னாலும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டு ஆக்கள் செய்யிறல்ல. சி டிரைவ்ல யூசர்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள உங்கட பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான், அதை முழுசாக் கொப்பி பண்ணுங்க. அதோட நிப்பாட்டிடாதீங்க. கடை வெச்சிருக்கிற ஆக்கள்ட பில் அடிக்கிற சொஃப்ட்வெயார் கனக்க நேரம் தன்ட டேட்டாவை சி டிரைவ்ல வேற ஒரு ஃபோல்டர்லதான் போட்டு வெச்சிருக்கும், டொக்கியுமென்ட்ஸ்ல தேடினா கிடைக்காது. அந்த சொஃப்ட்வெயாருக்குள்ளேயே பெக்கப் எண்டு ஒண்டு இருக்கும், அதால எடுக்கிறதுதான் சரி. ப்ரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்ட் எல்லாம் கூகுள் எக்கவுன்டோட சிங்க் ஆகுதா எண்டும் பாருங்க. வன்டிரைவ் (மைக்ரோசொஃப்ட்ட ஒன்லைன் சேமிப்பு) இருக்குத்தானே எண்டு சொல்லுவீங்க, சும்மா தாறது 5 ஜிபிதான், கலியாண போட்டோ ஒரு அல்பத்துக்கே காணாது. கொப்பி முடிஞ்சா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற மேசையில வைங்க.

மறுகா கரண்ட். மாரி காலத்துல இடி மின்னலோட கரண்ட் போய் வாறது எங்களுக்குப் பழக்கம், ஆனா அப்கிரேட் நடுவுல டெஸ்க்டொப் மெஷின் அப்பிடி நிண்டா மறுபடி எழும்பாம போக இடமிருக்கு. யூபிஎஸ் இல்லாட்டி வானம் வெளிச்சிருக்கிற நாள் பாத்துச் செய்ங்க. லெப்டொப் எண்டா சார்ஜரும் குத்தி, பெற்றியும் ஃபுல்லா இருக்கணும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மெத்தையில வெச்சுச் செய்யாதீங்க, சூட்டுல தானே ஓஃப் ஆகிரும், மேசையில வெச்சு ஃபேனைப் போட்டு உடுங்க.

டேட்டாவும் வேணும். விண்டோஸ் 11 முழுசும் ஒரே ஃபைலா வாற ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல வரும், அதால ராவு டேட்டா இருக்கிற பெக்கேஜ்ல போட்டுட்டுப் படுக்கிறதுதான் லாபம். மைக்ரோசொஃப்ட்ட சொந்த டவுன்லோட் பக்கத்துல மட்டும் எடுங்க. யூடியூப் வீடியோக்குக் கீழ கிடக்குற "லைட்" விண்டோஸ் லிங்க் எதையும் தொடாதீங்க, அதை வெச்சு உள்ளதைக் காப்பாத்தி அப்கிரேட் பண்ணவும் ஏலாது, அதுக்குள்ள என்ன வெச்சிருக்காங்க எண்டும் தெரியாது.

எப்பிடிச் செய்தாலும் ஒரு விசயம் மாறாது. விண்டோஸ் 10 ஓடிக்கிட்டு இருக்கக்குள்ளேயே, அதுக்குள்ள இருந்துதான் தொடங்கணும். விண்டோஸ் அப்டேட்ல வாறதா இருக்கட்டும், இன்ஸ்டொலேஷன் அசிஸ்டன்ட்டா இருக்கட்டும், ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் பண்ணி செட்டப்பை ஓட விடுறதா இருக்கட்டும், மூண்டும் அப்பிடித்தான்.

"இந்த பிசி விண்டோஸ் 11க்குத் தகுதி இல்ல" எண்டு வருது

முதல்ல பிசி ஹெல்த் செக் எண்ட மைக்ரோசொஃப்ட் அப்பைப் போட்டு ஓட விடுங்க, எது குறை எண்டு அதே சொல்லும். வேணும் எண்டு கேக்குறது இதெல்லாம்: 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 (கீயைப் பத்திரமா வெச்சிருக்கிற பாதுகாப்புச் சிப்), செக்கியூர் பூட் (மெஷின் எழும்பக்குள்ள நம்பிக்கையான சொஃப்ட்வெயாரை மட்டும் விடுற காவல்) ஏலுமான யூஈஎஃப்ஐ (பயோஸ்ட புது வகை), மறுகா ப்ரொசசர். 4 ஜிபி எண்டு அவங்க சொன்னாலும் அதுல ஓட்டுறது பெரிய கரைச்சல், 8 போடுங்க.

டிபிஎம் இல்ல எண்டு சொன்னா உடன நம்பாதீங்க. கனக்க மெஷின்ல அது இருக்கும், பயோஸ்ல (விண்டோஸுக்கு முதல் எழும்புற மெஷின்ட அடிப்படை செட்டிங்ஸ்ல) ஓஃப் ஆகிக் கிடக்கும், அவ்வளவுதான். இன்டெல் போர்ட்ல அதுக்கு பிடிடி எண்டு பேர், ஏஎம்டில எஃப்டிபிஎம் எண்டு பேர். பயோஸுக்குள்ள போய் ஒன் பண்ணினா முடிஞ்சுது. ஆனா பயோஸ்ல கை வைக்க முதல் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வெக்கிற விண்டோஸ் பாதுகாப்பு) ஒன்ல இருக்கா எண்டு பாருங்க, இருந்தா அந்த ரெக்கவரி கீயை எழுதி எடுத்துட்டுத்தான் மற்ற வேலை. ஏன் எண்டு கீழ வரும்.

செக்கியூர் பூட் இல்ல எண்டு சொன்னா கொஞ்சம் வேலை கூட. ஸ்டார்ட்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் எண்டு தேடித் திறந்து பயோஸ் மோட் எண்ட வரியைப் பாருங்க. அதுல லெகசி எண்டு இருந்தா டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில பிரிச்சுக் கிடக்குது, அதைப் புது ஜிபிடி முறைக்கு மாத்தணும். இந்த இடத்துலதான் சில பேர் "டிஸ்க்கை முழுசா அழிச்சாத்தான் ஏலும்" எண்டு சொல்லுவாங்க. அது சரியில்ல. எம்பிஆர்டூஜிபிடி எண்டு ஒரு டூல் விண்டோஸ் 10க்குள்ளேயே கிடக்கு, டேட்டாவை அழிக்காம மாத்தும். முதல்ல வாலிடேட் எண்டு ஓட விட்டுப் பாக்கணும், அது சரி எண்டு சொன்னா மட்டும்தான் கன்வேர்ட். டிஸ்க்கில மூண்டுக்கு மேல ப்ரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்ச முதன்மைப் பகுதி) இருந்தா அது ஏலாது எண்டு சொல்லிரும். கொமான்ட் அடிச்சுப் பழக்கமில்லாட்டி தெரிஞ்ச ஒராளைப் பக்கத்துல வெச்சுச் செய்ங்க, பெக்கப் இல்லாம மட்டும் செய்யவே செய்யாதீங்க. கன்வேர்ட் முடிஞ்ச பொறகு பயோஸ்ல லெகசியை யூஈஎஃப்ஐக்கு மாத்தணும். சில பேர் கன்வேர்ட் பண்ணாமலேயே பயோஸை மாத்திட்டு, மெஷின் எழும்புதில்ல, டிஸ்க் செத்துட்டு எண்டு தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க. டிஸ்க்குக்கு ஒண்டுமில்ல, திரும்ப லெகசிக்குப் போட்டா பழையபடி எழும்பும்.

ப்ரொசசர்தான் குறை எண்டு சொன்னா அங்க செய்ய ஒண்டுமில்ல. ஐ3, ஐ5, ஐ7 எண்டதுக்குப் பிறகு ஒரு நம்பர் வரும், 7200 எண்டா ஏழாம் ஜெனரேஷன், 8250 எண்டா எட்டு, 10210 எண்டா பத்து. எட்டுல இருந்துதான் மேல போகலாம், ஏழுல கைவிரல் விட்டு எண்ணுற அளவு சிலதுக்கு மட்டும் விடுறாங்க. ரைசன் எண்டா பொதுவா 2000 சீரிஸ்ல இருந்து. செக்கன்ட் ஹேன்ட் லெப்டொப் வாங்கக்குள்ள இதைப் பாத்து வாங்கியிருந்தா நல்லம், ஆனா வாங்கினது வாங்கினதுதானே. அப்பிடி மெஷினுக்கு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10க்கே செக்கியூரிட்டி அப்டேட் எடுக்க ஒரு வழி குடுத்திருக்காங்க, ஈஎஸ்யூ எண்டு சொல்லுவாங்க. விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பு 22எச்2ல இருக்கணும், மைக்ரோசொஃப்ட் எக்கவுன்டும் வேணும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல என்ரோல் எண்டு வரும். செட்டிங்ஸை எக்கவுன்டோட சிங்க் பண்ண விட்டா சும்மாவே தாறாங்க, இல்லாட்டி 30 டொலர்.

ரூஃபஸ் எண்ட பென் டிரைவ் டூலால இந்தத் தகுதிச் செக்கைத் தாண்டிப் போடலாமே எண்டு தம்பிமார் கேப்பாங்க. போடலாம்தான். ஆனா அப்பிடிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தருவோம் எண்டு மைக்ரோசொஃப்ட் உறுதி சொல்லல்ல, கோர் டூ டுவோ காலத்து மெஷின்ல விண்டோஸ் 11ட 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது. வீட்டுல படம் பாக்குற மெஷின்ல விளையாடிப் பாருங்க, கடைக் கணக்கு இருக்கிற மெஷின்ல வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

"கீப் ஃபைல்ஸ் அன்ட் அப்ஸ்" எண்டது மங்கலாக் கிடக்கு, கிளிக் பண்ண ஏலாது

இதுதான் முழு வேலையிலயும் முக்கியமான ஸ்கிரீன். எதை வெச்சிருக்க எண்டு கேட்டு மூண்டு வட்டம் காட்டும். முதலாவது ஃபைலும் அப்பும் ரெண்டும் இருக்கும். ரெண்டாவது ஃபைல் மட்டும், போட்ட சொஃப்ட்வெயாரும் செட்டிங்ஸும் போயிரும். மூண்டாவது நத்திங், ஒண்டும் வெக்காது. முதலாவது வட்டம் மங்கலா இருந்தா அந்த ஸ்கிரீன்லேயே நில்லுங்க, "சரி ரெண்டாவதையாவது அமத்துவம்" எண்டு போகாதீங்க, கென்சல் பண்ணிட்டு வெளிய வந்து காரணத்தைத் தேடுங்க.

கூடுதலா இருக்கிற காரணம் பாஷை. உங்கட விண்டோஸ் இங்கிலிஷ் யுனைட்டட் ஸ்டேட்ஸ்ல போட்டது, நீங்க இறக்கின ஐஎஸ்ஓ இங்கிலிஷ் இன்டர்நேஷனல். ரெண்டும் இங்கிலிஷ்தானே எண்டு எங்களுக்குத் தோணும், செட்டப்புக்கு ரெண்டும் வேற வேற. செட்டிங்ஸ்ல லாங்குவேஜ் பக்கம் போய் டிஸ்ப்ளே லாங்குவேஜ் என்ன எண்டு பாத்து அதே ஐஎஸ்ஓவை இறக்குங்க. இந்த ஒரு பிழையால ராவு டேட்டா முழுக்க வீணாப் போன ஆக்கள் கனபேர், அதால டவுன்லோட் அமத்த முதலே பாத்திடுங்க.

ரெண்டாவது, எடிஷன். ப்ரோல இருந்து ஹோமுக்கு இறங்க ஏலாது. கடையில யாரோ எல்டிஎஸ்சி எண்டு ஒரு எடிஷன் போட்டுத் தந்திருந்தா அதுல இருந்து சாதாரண ஹோமுக்கோ ப்ரோக்கோ எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு வரவும் ஏலாது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், அங்க எழுதியிருக்கும். அதே பக்கத்துல சிஸ்டம் டைப் 32 பிட் எண்டு கிடந்தா அதுக்கும் இதே நிலைமைதான், விண்டோஸ் 11ல 32 பிட் எண்டு ஒண்டே இல்ல, பெக்கப் எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும்.

மூண்டாவது, பென் டிரைவ்ல இருந்தே மெஷினை எழுப்பி, அதாவது பூட் பண்ணித் தொடங்கியிருப்பீங்க. பென் டிரைவ் பிழை இல்ல, பூட் பண்ணினதுதான் பிழை. மெஷினை சாதாரணமா ஒன் பண்ணி விண்டோஸ் 10க்குள்ள வந்து, பென் டிரைவைத் திறந்து, அதுக்குள்ள இருக்கிற செட்டப்பை டபுள் கிளிக் பண்ணுங்க. அப்ப அந்த வட்டம் உயிரோட இருக்கும்.

"இடம் காணாது" அல்லது 0எக்ஸ்80070070

சி டிரைவ்ல ஒரு 30 ஜிபியாவது சும்மா இருந்தா கரைச்சல் இல்லாமப் போகும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், வட்ஸ்அப் வீடியோ, ரீசைக்கிள் பின், இந்த மூண்டையும் பாத்தாலே கனக்க வெளியாகும். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் எண்டு ஒரு லிஸ்ட் வரும், எல்லாத்துக்கும் டிக் போட்டு அழிக்கலாம் எண்டு ஆசை வரும். அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸும் ஒண்டு. அதுல டிக் இருந்தா உங்கட டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுக்கப் போயிரும், ரீசைக்கிள் பின்லயும் தேட ஏலாது. பிள்ளைட ஒன்லைன் அட்மிஷன் பேப்பர், வங்கி பிடிஎஃப் எல்லாம் ஆக்கள் அங்கதான் போட்டு வெச்சிருக்காங்க, அதால வடிவாப் பாத்து டிக் போடுங்க.

டவுன்லோட் நகருதில்ல, அல்லது ஒரே பர்சன்டேஜ்ல நிக்குது

டவுன்லோட்ல நிண்டா பெரிய விசயமில்ல. போன் ஹொட்ஸ்பொட்ல இருக்கிற ஆக்களுக்கு அந்த நெட்வேர்க் மீட்டர்ட் எண்டு குறிச்சிருந்தா விண்டோஸ் தானா இறக்காது, வைஃபை செட்டிங்ஸ்ல அதை ஓஃப் பண்ணுங்க. அப்பயும் நகராட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அதுக்கும் மசியல்ல எண்டா விண்டோஸ் அப்டேட்டோட மினக்கெடாம ஐஎஸ்ஓவை இறக்குறதுதான் சுருக்கு வழி.

இன்ஸ்டோல் நடக்கக்குள்ள நிண்டா கதை வேற. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க் எண்டா மணித்தியாலக் கணக்கா ஒரே நம்பர்ல நிக்கும், அது வேலை செய்யுதா இல்லையா எண்டு ஸ்கிரீனைப் பாத்துத் தெரியாது, மெஷின்ல இருக்கிற டிஸ்க் லைட்டைப் பாருங்க. மின்னி மின்னி எரிஞ்சா வேலை நடக்குது, விட்டுட்டுப் போய்ச் சோறு தின்னுங்க. ஒரு முழு ராவும் லைட் மின்னாம, நம்பரும் மாறாம கிடந்தாத்தான் பவர் பட்டனைப் பத்தி யோசிக்கணும். அப்பிடி ஓஃப் பண்ணி ஒன் பண்ணினா கூடுதலா தானே பழைய விண்டோஸ் 10க்குத் திரும்பிரும். பிரின்டர், பென் டிரைவ், டொங்கில், கார்ட் ரீடர் எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி தொடங்குங்க, கீபோர்டும் மவுஸும் போதும்.

பாதி போய் "அன்டூயிங் சேஞ்சஸ்" எண்டு பின்னால வருது, 0எக்ஸ்சி1900101

இதைப் பாத்து ஆக்கள் பயப்படுறாங்க, ஆனா இது பாதுகாப்பான பிழை. புது விண்டோஸ் எழும்ப ஏலாமப் போனதால பழையதை அப்பிடியே திரும்ப வெச்சிட்டு, ஃபைல் ஒண்டும் அசைஞ்சிருக்காது. சி1900101ல தொடங்குறது எல்லாம் பொதுவா டிரைவர் பிரச்சினை. மெஷின் கொம்பனிட வெப்சைட்டுக்குப் போய் கிராஃபிக்ஸ், ஸ்டோரேஜ், வைஃபை டிரைவரும் பயோஸ் அப்டேட்டும் புதுசாப் போடுங்க. காசு குடுத்து வாங்கின அன்டிவைரஸ் இருந்தா ஓஃப் பண்ணினாக் காணாது, முழுசா அன்இன்ஸ்டோல் பண்ணணும், விண்டோஸோட வாற டிஃபென்டர் அதுக்கிடையில பாத்துக்கொள்ளும். பிறகு கழட்டக்கூடியதெல்லாம் கழட்டிட்டு மறுபடி ஓட விடுங்க.

அப்பயும் அதே பிழை வந்தா, செட்டப்டயக் எண்டு மைக்ரோசொஃப்ட்ட ஒரு சின்ன டூல் இருக்கு, அது செட்டப் எழுதி வெச்ச லொக் எண்ட பதிவை வாசிச்சு எந்த டிரைவர், எந்த சொஃப்ட்வெயார் குழப்புது எண்டு சொல்லும். கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்டா அழிச்சுப் பாக்குறத விட இது எவ்வளவோ மேல். கோட் சி1900208 எண்டு வந்தா டிரைவர் இல்ல, ஒத்துவராத சொஃப்ட்வெயார் ஒண்டு கிடக்கு எண்டு அர்த்தம், அதைத் தூக்கினாச் சரி.

"சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனை அப்டேட் பண்ண ஏலல்ல" எண்டு வந்தா சி டிரைவ்ல எவ்வளவு இடம் வெளியாக்கினாலும் சரிவராது. அது கண்ணுக்குத் தெரியாத வேற ஒரு சின்னப் பார்ட்டிஷன், கனக்க மெஷின்ல 100 எம்பிதான். அதுக்குள்ள பூட் ஃபோன்ட் கிடக்குற ஃபோல்டரை வெளியாக்கினா இடம் வரும், மைக்ரோசொஃப்ட்டே அந்த வழியைச் சொல்லியிருக்கு. ஆனா பிழையான ஃபோல்டரை அழிச்சா மெஷின் எழும்பாது, அதால இதை மட்டும் தெரிஞ்ச ஆள்ட்ட குடுங்க. குடுக்கக்குள்ள "ஃபோர்மெட் பண்ண வேணாம்" எண்டு வாயால சொல்லாம ஒரு துண்டுல எழுதி லெப்டொப்ல ஒட்டிக் குடுங்க.

நீலக் கலர் ஸ்கிரீன் வந்து பிட்லொக்கர் கீ கேக்குது

பயோஸ்ல கை வெச்சாலோ, டிபிஎம்மை மாத்தினாலோ இது வரும். 48 இலக்கம். அது இல்லாட்டி டிஸ்க்கில இருக்கிறதை மைக்ரோசொஃப்ட்டாலயும் திறக்க ஏலாது, இதுல பகிடி இல்ல. ஆனா கனபேருக்கு தங்கட மெஷின்ல பிட்லொக்கர் ஒன்ல இருக்கு எண்டே தெரியாது, புது லெப்டொப்ல மைக்ரோசொஃப்ட் எக்கவுன்டால லொகின் பண்ணினா தானாவே ஒன் ஆகி, கீயையும் அந்த எக்கவுன்ட்ல சேவ் பண்ணியிருக்கும். அதால போன்ல அந்த எக்கவுன்டைத் திறந்து டிவைசஸ் பக்கத்துல ரெக்கவரி கீ எண்டு தேடுங்க. ஸ்கிரீன்ல ஒரு கீ ஐடி காட்டும், அதோட ஒத்துப்போற கீயை அடிங்க. லெப்டொப்பை செட் பண்ணித் தந்தது மச்சான் எண்டா அவர்ட எக்கவுன்ட்லயும் கிடக்கலாம், அவரையும் கேளுங்க. இன்னும் தொடங்காத ஆக்கள் கன்ட்ரோல் பெனல்ல பிட்லொக்கரை சஸ்பென்ட் பண்ணிட்டுத் தொடங்கினா இந்தக் கரைச்சலே வராது.

அப்கிரேட் முடிஞ்சுது, டெஸ்க்டொப் வெறுமையாக் கிடக்கு

பதறுற இடம் இதுதான். மூண்டு காரணத்துல ஒண்டு.

"உங்கட எக்கவுன்ட்ல சைன் இன் பண்ண ஏலல்ல" எண்டு ஒரு மெசேஜும் சேத்து வந்தா, நீங்க இப்ப இருக்கிறது டெம்பரரி ப்ரொஃபைல்ல. இதுக்குள்ள எதையும் சேவ் பண்ணாதீங்க, சைன் அவுட் பண்ணினதும் அது அழிஞ்சிரும். ரெண்டு மூண்டு தரம் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, கன நேரம் அதுலயே சரி வரும். வராட்டி சி டிரைவ், யூசர்ஸ், உங்கட பேர் உள்ள ஃபோல்டர், அதுக்குள்ள போங்க. எல்லாம் அங்க இருக்கும். அதைக் கொப்பி எடுத்து வெச்சிட்டு, புது யூசர் ஒண்டை உருவாக்கி அதுக்குள்ள போடலாம்.

அப்பிடி மெசேஜ் ஒண்டும் இல்லாட்டி வன்டிரைவ் உங்கட டெஸ்க்டொப்பைத் தன்ட ஃபோல்டருக்குள்ள இழுத்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல இடது பக்கம் வன்டிரைவ் எண்டதைத் திறந்து அதுக்குள்ள டெஸ்க்டொப் இருக்கா எண்டு பாருங்க. ஃபைலுக்குப் பக்கத்துல முகில் படம் இருந்தா அந்த ஃபைல் மெஷின்ல இல்ல, இன்டர்நெட்ல இருக்கு எண்டு அர்த்தம், டபுள் கிளிக் பண்ண இறங்கும்.

ரெண்டுலயும் இல்லாட்டி சி டிரைவ்ல விண்டோஸ் டொட் ஓல்ட் எண்டு ஒரு ஃபோல்டர் கிடக்கும். பழைய வீட்டைப் பூட்டி வெச்சிட்டு புது வீட்டுக்குக் குடிபோன மாதிரித்தான் செட்டப் செய்யுது, அந்தப் பூட்டின வீடு இதுதான். அதுக்குள்ளயும் யூசர்ஸ் எண்டு இருக்கும், உங்கட பேர் இருக்கும், பெர்மிஷன் கேட்டா கன்டினியூ குடுத்து உள்ளுக்குப் போய் கொப்பி எடுங்க. நத்திங் எண்ட வட்டத்தை அமத்தின ஆக்களுக்குக்கூட, டிஸ்க்கை ஃபோர்மெட் பண்ணாட்டி, இந்த ஃபோல்டர் கொஞ்ச நாளைக்குக் கிடக்கும்.

தமிழ் டொக்கியுமென்ட் எல்லாம் இங்கிலிஷ் எழுத்தா மாறிட்டு

எங்கட பக்கத்துல கூடுதலா வாற கேஸ் இது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு டீச்சர் லெப்டொப்பைத் துணிப் பேக்ல சுத்திக் கொண்டு வந்து மேசையில வெச்சிட்டு, "தம்பி, வைரஸ் புகுந்துட்டு போல, தவணைப் பரீட்சைப் பேப்பர் எல்லாம் இங்கிலிஷாப் போய்ட்டு" எண்டு சொன்னா. திறந்து பாத்தா அம்மா எண்டு இருக்கவேண்டிய இடத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு அஞ்சு எழுத்துக் கிடக்கு. "டீச்சர், இது வைரஸ் இல்ல, பாமினி ஃபோன்ட் இல்லாத குறை" எண்டு சொல்லி ஃபோன்டைப் போட்டு, வேர்டை மூடித் திறக்க, பேப்பர் முழுக்கத் தமிழாகிட்டு. "அப்ப நான் ராவு முழுக்க அழுதது சும்மாவா?" எண்டு கேட்டா.

நடக்குறது என்னெண்டா, பாமினி மாதிரிப் பழைய ஃபோன்ட்ல அடிச்சது யூனிகோட் இல்ல, கம்பியூட்டருக்கு அது வெறும் இங்கிலிஷ் எழுத்து, ஃபோன்ட்தான் அதுக்குத் தமிழ்ச் சட்டை போடுது. எல்லாத்தையும் வெச்சு அப்கிரேட் பண்ணினா ஃபோன்ட் கூட வரும், ஃபைல் மட்டும் எண்டு பண்ணினா வராது. அதால ஃபோன்ட் ஃபைலை முதல்லேயே பெக்கப்ல எடுத்து வைங்க. போடக்குள்ள ரைட் கிளிக் பண்ணி, எல்லா யூசருக்கும் எண்டு இருக்கிறதை அமத்துங்க. அதுக்கிடையில அந்த டொக்கியுமென்டை வேற ஃபோன்டுக்கு மாத்திப் பாத்து சேவ் பண்ணிடாதீங்க, இங்கிலிஷும் தமிழும் கலந்த பேப்பர் எண்டா பிறகு எது எது எண்டு பிரிக்க ஒரு கிழமை போகும்.

லதா ஃபோன்ட்ல அடிச்ச கடிதம் எண்டா எழுத்து உடையாது, ஆனா வரி தள்ளுப்பட்டு ஒரு பக்கக் கடிதம் ரெண்டு பக்கமாகும். புதுசாப் போட்ட விண்டோஸ்ல லதா தானா வாறல்ல, நிர்மலா யூஐதான் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ், அங்க தமிழ் சப்ளிமென்டல் ஃபோன்ட்ஸ் எண்டு தேடிப் போட்டா லதாவும் விஜயாவும் வரும். கீபோர்ட் காணல்ல எண்டா விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் சேத்து அமத்திப் பாருங்க. தமிழ் 99ம் அஞ்சலும் 2019 மே அப்டேட்ல இருந்து விண்டோஸுக்குள்ளேயே கிடக்கு, லாங்குவேஜ்ல தமிழைச் சேத்தாச் சரி. வேற டைப்பிங் சொஃப்ட்வெயார் பாவிக்கிற ஆக்கள் அதை மட்டும் திரும்பப் போடவேண்டி வரலாம்.

வைஃபை இல்ல, பிரின்டர் அடிக்குதில்ல, மெஷின் ஆமை வேகம்

வைஃபை போனா டிரைவர் இறக்க இன்டர்நெட் இல்ல, இன்டர்நெட்டுக்கு டிரைவர் இல்ல. போனை யூஎஸ்பி வயரால குத்தி டெதரிங்கை ஒன் பண்ணுங்க, அந்த வழியால டிரைவரை இறக்கலாம். பிரின்டர் எண்டா லிஸ்ட்ல இருந்து ரிமூவ் பண்ணிட்டு, கொம்பனிட வெப்சைட்ல விண்டோஸ் 11 டிரைவர் எடுத்துப் போடுங்க. போட்டோகொப்பிக் கடை வெச்சிருக்கிற ஆக்கள் இதை வேலை நாள்ல தொடங்காம லீவு நாள்ல செய்ங்க.

ஸ்லோவா இருக்கு எண்டா முதல் நாள் பொறுங்க, உள்ளுக்கு இன்டெக்ஸிங், அப்டேட் எல்லாம் ஓடும். அதுக்குப் பிறகும் அப்பிடி எண்டா சுத்துற ஹார்ட் டிஸ்க்தான் காரணமா இருக்கும், எஸ்எஸ்டி போட்டாத்தான் தீரும்.

எனக்கு 11 வேணாம், பழையதுக்கே போகணும்

போகலாம், 10 நாளைக்குள்ள. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். ஃபைல் இருக்கும், அப்கிரேட்டுக்குப் பிறகு போட்ட சொஃப்ட்வெயாரும் மாத்தின செட்டிங்ஸும் போயிரும். இடையில புது யூசர் உருவாக்கியிருந்தா அதை முதல்ல எடுக்கணும், பழைய பாஸ்வேர்ட் என்ன எண்டும் ஞாபகம் இருக்கணும். 10 நாள் காணாது எண்டா டிஸ்ம் எண்ட விண்டோஸ் கொமான்டால 60 நாள் வரைக்கும் நீட்டலாம், ஆனா அதையும் அந்த 10 நாளுக்குள்ளதான் செய்யணும்.

அந்த நாளுக்குள்ள ஒவ்வொண்டா ஓட்டிப் பாருங்க. ஒரு பிரின்ட், ஒரு ஸ்கேன், பழைய தமிழ் டொக்கியுமென்ட் ஒண்டு, பில் சொஃப்ட்வெயார்ல போன மாசத்து பில் ஒண்டு, ஸூம்ல கெமராவும் மைக்கும். எல்லாம் சரி எண்டா மட்டும் டெம்பரரி ஃபைல்ஸ்ல போய் ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டொலேஷன் எண்டதுக்கு டிக் போட்டு அழிங்க, கனக்க ஜிபி திரும்பக் கிடைக்கும். நீங்க அழிக்காட்டியும் நாள் முடிய விண்டோஸே அழிக்கும், அதுக்குப் பிறகு கோ பேக் பட்டன் வேலை செய்யாது, 10க்குப் போகணும் எண்டா புதுசாப் போடுறதுதான் வழி.